ஆறு வார்த்தை அக்காவுக்கு, ஆறு வார்த்தை தம்பிக்கு

அத்தியாயம் 7

லேப்டாப் இல்லாமல் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய கம்ப்யூட்டர்காரனை எழில்மதி அதுவரை பார்த்ததில்லை.

கொழுந்தன் தமிழழகன் அப்படித்தான் வந்தான். தோளில் ஒரே ஒரு பை. அதில் நாலு சட்டை, ஒரு துண்டு, ஒரு பட்டன் போன். "லீவு அண்ணி. கொஞ்ச நாள் புள்ளைங்களோட இருந்துட்டுப் போறேன்" என்றான். அந்தக் கொஞ்ச நாள் மாதக் கணக்காகிவிட்டது. லீவும் முடியவில்லை; ஆபீஸிலிருந்து ஒரு போனும் வரவில்லை.

பிள்ளைகள் மட்டும் அவனிடம் பசையாக ஒட்டிக்கொண்டார்கள். பத்து வயது தேவதர்ஷினி, ஏழு வயது சந்தோஷ் இருவருக்கும் சித்தப்பா என்றால் விளையாட்டு. சோடா மூடிகளைக் கழுவி, அண்ணியின் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, 'குட்டி காயின்' என்று பெயர் சூட்டினான். தண்ணீர் பிடித்து வைத்தால் ஒரு காயின். சண்டை போடாமல் சாப்பிட்டு எழுந்தால் இரண்டு. யார் யாருக்குக் கொடுத்தாலும் வீடே கேட்கும்படி கத்த வேண்டும். "தேவா தம்பிக்கு ரெண்டு குடுத்தா!" என்று குரல் வந்தால், அடுப்படியில் நிற்கும் எழில்மதி உட்பட எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருத்தர் கணக்கை மாற்றிச் சொன்னால் மற்றவர்கள் பிடித்துவிடுவார்கள்.

"இதான் அண்ணி டிஜிட்டல் காசு. நோட்டு கெடயாது, பேங்க் கெடயாது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் கணக்கு" என்றான்.

அதுவரை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. கூட்டல் கழித்தலுக்கு அழுத சந்தோஷ் விரல் விடாமல் கணக்குப் போட ஆரம்பித்திருந்தான்.

அடுத்த விளையாட்டுதான் உறுத்தியது. அதற்கு அவன் வைத்த பெயர் சாவி விளையாட்டு.

பிள்ளைகளைத் தனித்தனியாக மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான். ஒவ்வொருவர் காதிலும் எதையோ ஓதினான். "உன் சாவிய அக்காவுக்குச் சொல்லக் கூடாது. அப்பா, அம்மாவுக்கும் சொல்லக் கூடாது. சொன்னா காயின் எல்லாம் போயிடும்" என்று சந்தோஷிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, துணி எடுக்கப் போனவள் படிக்கட்டிலேயே நின்று கேட்டுவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லக் கூடாதது என்று ஒரு பெரிய மனுஷன் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவான்?

புருஷன் ஜெயப்பிரகாஷிடம் கேட்டாள். "எந்தம்பிய இன்னான்னு நெனச்ச நீ? புள்ளைங்க வெளையாடறாங்க, வுடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு அவளுக்குத்தான் தூக்கம் போனது.

அக்காக்காரி அவ்வளவு அழுத்தமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தட்டித் தாளம் போட்டுப் பாடியே விட்டாள். "லெமன், லேடர், டைகர், அம்ப்ரல்லா, ட்ரம், விண்டோ!" ஆறு இங்கிலீஷ் வார்த்தைகள். இதற்கா இத்தனை ரகசியம் என்று எழில்மதி சிரிக்கப் போனாள். தமிழழகன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது அவனுக்கு.

சந்தோஷ் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மிட்டாய், அதட்டல், கெஞ்சல் எதற்கும் மசியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் போகலாம் என்று கிளப்பியதும் தமிழழகன்தான். காயின் வேட்டையாம். கடைத்தெருவில் அங்கங்கே துப்பு வைத்துத் தேடுகிற ஆட்டம். ஜெயப்பிரகாஷின் மணலூர்பேட்டைக் கரும்புக் கொல்லைக்கு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வந்துவிட்டது. ஆள் கிடைப்பதே கஷ்டம், அவர் கொல்லையை விட்டு அசைய முடியாது.

"நீங்க எதுக்கு அண்ணி அலையணும்? வாரம் பூரா இ-சேவை மையத்துல ஒக்காந்துக்கினு இருக்கீங்க. நான் இட்டுக்கினு போயி இட்டாந்துடறேன்" என்றான்.

அந்தக் கரிசனம் போதும், அவள் புடவையை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக ஜீப்பில் ஏறினாள்.

வாடகை ஜீப் அய்யனாருடையது. மலைக்கும் கீழுக்கும் நாள் தவறாமல் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். தமிழழகன் முன் சீட்டில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வண்டி வளைவு ஏற ஆரம்பித்தபோது எழில்மதி ஒன்றைக் கவனித்தாள். பின்னால் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கொழுந்தன் சீட்டில் சரிந்து உட்கார்ந்தான். பைக் முந்திப் போனதும் நிமிர்ந்தான்.

"முதுகு வலியா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி, வளைவு. ஒரு மாதிரி வருது."

"எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன், மோந்து பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் எலுமிச்சையைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

வெள்ளிமலைக் கடைத்தெருவில் வெயில் இருந்தும் காற்று ஜில்லென்றிருந்தது. சாமை, தினை மூட்டைகள் வாசலுக்கு வந்திருந்தன. பலாப்பழ வாசனை தெருவை நிறைத்திருந்தது. தமிழழகன் மடித்த இரண்டு சீட்டுகளை எடுத்தான்.

"தேவா, உன் துப்பு சாமை விக்கிற கடைல. அம்மாவ இட்டுக்கினு போ. சந்தோஷு, நம்மளுது எதிர்ப்பக்கம். யாரு மொதல்ல ஜீப்புக்கு வராங்களோ அவங்களுக்குப் பத்து காயின்!"

பிரித்துவிட்டான். எழில்மதிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தேவா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எழில்மதி கூடவே ஓடினாளே தவிர கண் எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது. பலாச்சுளைக் கடை. அதன் பக்கத்தில் சந்தோஷின் சிவப்புச் சட்டை. அவனுக்குப் பக்கத்தில் தமிழழகன்.

ஒரு டெம்போ குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது சிவப்புச் சட்டை இருந்தது. தமிழழகன் இல்லை.

பிள்ளையின் முன்னால் வேறொருத்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் நீலத் தொப்பி. கையில் பெரிய போன். அதை சந்தோஷின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான்.

எழில்மதி தேவாவின் கையை விடாமல் தெருவைக் கடந்தாள். எதிரே வந்த பஸ் பிரேக் போட்டது, டிரைவர் ஏதோ திட்டினார். அது காதில் விழவில்லை. தொப்பிக்காரன் குரல்தான் விழுந்தது.

"அக்கா பாட்டு நான் பாத்துட்டேன்டா கண்ணு. லெமன், லேடர், டைகர்... இன்னா சூப்பரா பாடுது! உம்பாட்டு எங்க? நீ ஒரு வார்த்த சொன்னா இதுல நூறு காயின் வுழும். இந்தா, பாரு."

போன் திரையில் தங்கக் காசுகள் மழையாகக் கொட்டின. சந்தோஷின் கண் அதிலேயே இருந்தது. அத்தனை நாள் மூடியிருந்த வாய் மெல்லத் திறந்தது.

"ரிவர்..."

"ஆங்! அடுத்தது?"

எழில்மதி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூக்கி வருஷமாயிற்று. கனம் தெரியவில்லை.

"யாருய்யா நீ?"

தொப்பிக்காரன் பதறாமல் எழுந்தான். நல்ல சட்டை, நல்ல செருப்பு. முப்பது வயதுக்குள் இருக்கும். "சும்மா வெளையாட்டுக்கா."

"எம்புள்ளகிட்ட உனக்கு இன்னா வெளையாட்டு?"

அவள் போட்ட சத்தத்தில் பலாச்சுளை விற்ற பெண் அரிவாளோடு எழுந்து நின்றாள். "இன்னாம்மா? யாரு இந்தாளு?" தெருவில் இரண்டு தலைகள் திரும்பின.

தொப்பிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒங்களாண்ட எனக்கு ஒண்ணும் இல்ல. தமிழு எங்க? கூடத்தான வந்தான்? எங்க மூணு பேரு காசும் அவன் வெச்சிருக்கிற பொட்டிக்குள்ள கெடக்குது. லேப்டாப்ப ஒடச்சிப் போட்டுட்டு ராவோட ராவா ஓடியாந்துட்டான். அவனையே கேளுங்க."

"அப்போ போலீசுக்குப் போறது? புள்ளைய வந்து புடிக்கிற?"

"போலீசுக்குப் போனா அந்தக் காசு எப்டி..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். தொப்பியைச் சரி செய்தான். "வூடு எங்கன்னு தெரியும்க்கா. வந்து பேசிக்கிறேன்."

மரத்தடியில் நின்ற பைக்கை எடுத்துக்கொண்டு, யாரும் துரத்தாதவன் போல மெதுவாகவே போனான்.

தமிழழகனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஜீப்பின் பின் சீட்டில் குப்புறப் படுத்திருந்தான். தலைக்குக் கீழே அவனுடைய பை. பெங்களூரிலிருந்து கொண்டுவந்த அதே பை, நாலு சட்டையும் துண்டும் திணித்துப் புடைத்திருந்தது.

அய்யனார் டீ குடிக்கப் போயிருந்தார். எழில்மதி பிள்ளைகளை முன் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கம் வந்து நின்றாள்.

"அவன பாத்தியா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தனை வாங்க, போங்க என்றுதான் அழைத்திருக்கிறாள். இன்று 'நீ' வந்துவிட்டது. அவனும் அதைக் கவனித்தான். எழுந்து உட்கார்ந்தான்.

"பாத்தேன்."

"பாத்துட்டு எம்புள்ளைய வுட்டுட்டு வந்து படுத்துக்கின."

அவன் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டான்.

"ஒரு நாள் மலைக்கு வர்றதுக்கு நாலு சட்ட எதுக்கு? எங்க போற நீ? தனியா போறியா, புள்ளைங்களையும் இட்டுக்கினு போறியா?"

"அய்யோ, அப்டிலாம் இல்ல அண்ணி! பையி... பழக்கம்."

"அந்த வார்த்தைங்க இன்னா?"

சொல்ல மாட்டான் என்று நினைத்தாள். சொன்னான். மூச்சு விடாமல், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் போலச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத காசு; அதற்கு ஒரு பெட்டி; அந்தப் பெட்டிக்கு ஒரே சாவி, பன்னிரண்டு வார்த்தை. வரிசை மாறாமல் அடித்தால் உலகத்தில் எந்தப் போனிலும் பெட்டி திறக்கும். வார்த்தை இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது.

"ஆறு தேவாவுக்கு, ஆறு சந்தோஷுக்கு. சொல்லிக் குடுத்து முடிச்சதும் பேப்பர எரிச்சிட்டேன்."

"நீயே மனசுல வெச்சுக்க வேண்டியதுதான?"

"எனக்கு அடி தாங்காது அண்ணி. நாலு அற வுட்டா சொல்லிடுவேன்."

இ-சேவை மையத்துக்குக் கருணாபுரத்திலிருந்து வரும் பெண்கள் போனையே எழில்மதி கையில் கொடுத்து, "நம்பர் வந்துகீது பாரு, நீயே அமுக்கிக்கம்மா" என்பார்கள். அந்த ஓடிபி எண்ணைக்கூட வாய்விட்டுப் படிக்க அவளுக்கு மனசு வராது. இவன் ஒரு பெட்டியின் சாவியை அவள் பிள்ளைகளின் வாய்க்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான்.

"உனக்கு அடி தாங்காது. ஏழு வயசுப் புள்ளைக்குத் தாங்குமா?"

"புள்ளைங்களாண்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது அண்ணி. அதான் வெளையாட்டா..."

"தெரியாமத்தான் மலையேறி வந்தானா? தேவா பாடுனது அவனுக்கு எப்டித் தெரியும்?"

அது அவனுக்கும் புரியவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. போனை எடுத்தாள். ஒரே ஒரு புள்ளி சிக்னல். ஜெயப்பிரகாஷ் எடுத்தபோது பின்னால் கரும்பு வெட்டுகிறவர்களின் சத்தம்.

"ஏங்க, போன வாரம் தேவா பாடுனத போன்ல புடிச்சீங்களா?"

"ஆமா, ஸ்டேட்டஸ் வெச்சனே! இன்னா அழகா பாடுச்சு புள்ள. தமிழோட பெங்களூர் சிநேகிதனுங்க ரெண்டு பேருகூட பாத்துட்டு, உங்க பொண்ணான்னு கேட்டானுங்க. ஏன், இன்னாவாம்?"

"சந்தோஷ் பாடுனானா அதுல?"

"அவன் எங்க பாடுனான்? அமுக்கன்..."

லைன் அறுந்தது. அவள் போனை வைத்துவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் முகத்தில் பயம் இருந்தது. அதன் ஓரத்தில் வேறொன்றும் இருந்தது.

"அப்போ சந்தோஷோடது பத்தரமாத்தான் இருக்குது" என்றான் மெதுவாக. "நீங்க கவலப்படாதீங்க அண்ணி. அவன் கெட்டி. சொல்ல மாட்டான்."

சொல்ல ஆரம்பித்துவிட்டான் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை.

"அந்தக் காசு யாருது?"

"என்னோடது."

"அவன் அவங்களோடதுங்கறான்."

"பொய் சொல்றான் அண்ணி."

"அந்த வார்த்தைங்க உனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லியா?"

"அரகொறையா... ஒண்ணு முன்னபின்ன ஆனாலும் தொறக்காது."

அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தான். எதை நம்புவது? தொப்பிக்காரன் பாதியில் விழுங்கியதையா, இவன் தரையைப் பார்த்துச் சொன்னதையா? மூன்று பேர் காசோ, இவன் காசோ, எவன் வயிற்றில் அடித்த காசோ. அது அவளுக்குத் தெரியாது. அந்தக் காசு இருக்கும்வரை நீலத் தொப்பி வீட்டு வாசலுக்கு வரும் என்பது தெரிந்தது. சந்தோஷ் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறான் என்பதும் தெரிந்தது.

"வண்டிய எடுக்கச் சொல்லு. முன்னால ஒக்காரு" என்றாள்.

இறக்கத்தில் சந்தோஷ் அவள் மடியில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்ட குற்றத்தில் முகம் சுருங்கிக் கிடந்தது. முன் சீட்டில் தமிழழகன் பட்டன் போனில் இயர்போனைச் செருகி, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தான்.

எழில்மதி பிள்ளையின் காதோடு வாயை வைத்தாள்.

"புது ஆட்டம் ஆடலாமா? உன் வார்த்த இன்னான்னு எனக்குச் சொல்ல வேணாம். யாருக்கும் வேணாம். ஒவ்வொரு வளைவு வர்றப்பவும் அதுல ஒண்ணத் தூக்கி வெளிய போட்டுடணும். அதுக்குப் பதிலா வெளிய இன்னா தெரியுதோ அத வெச்சுக்கணும்."

"சித்தப்பா காயின் குடுக்க மாட்டாரே?"

"நான் குடுக்கறேன். வளைவுக்கு அஞ்சு."

சந்தோஷின் கண் விரிந்தது. முதல் வளைவில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. "குரங்கு" என்றான். அடுத்ததில் மரத்தில் தொங்கிய பலா. அதற்கடுத்து வளைவுக் கண்ணாடி, பாறை, ஒரு பாட்டியின் குடை, ஒரு நாய். ஆறும் தீர்ந்த பிறகும் அவள் விடவில்லை. புது வார்த்தைகளையும் மாற்றச் சொன்னாள். குரங்கு போய் ஆடு வந்தது, பலா போய்ப் பஸ் வந்தது. வேகமாகச் சொல்லச் சொன்னாள். தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். சிரித்துச் சிரித்துப் பிள்ளைக்கு விக்கல் எடுத்தது.

கீழே இறங்கும்போது மெல்லக் கேட்டாள். "ரிவருக்கு அடுத்தது இன்னாடா?"

சந்தோஷ் நெற்றியைச் சுருக்கினான். "ஆடு... இல்ல, குட... இல்லம்மா, மறந்துபோச்சு" என்றவன், அழலாமா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

"மறந்தா நல்லதுடா கண்ணு" என்று அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாருடைய பணத்தையோ கிணற்றில் போட்டுவிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் முதல்முறையாகக் கொஞ்சம் நகர்ந்தது.

கோமுகி அணைக்குப் பக்கத்தில் அய்யனார் வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு இறங்கிப் போனார். சந்தோஷ் தூங்கியிருந்தான். தமிழழகன் சாய்ந்தபடி அசையவில்லை.

அவ்வளவு நேரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த தேவா அம்மாவை ஒட்டி நகர்ந்தாள்.

"அம்மா, தம்பி மறந்துட்டா பரவாயில்லம்மா."

"ஆமாடி தங்கம், பரவாயில்ல."

"அவன் தெனமும் தூக்கத்துல சொல்லுவான். பக்கத்துலதான நான் படுக்கறேன்?" அவள் குரலில் பெருமை தாங்கவில்லை. "எனக்கு ஆறும் தெரியும்மா. ரிவர்..."

எழில்மதி மகளின் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள் அடுத்த வார்த்தையின் சூடு பட்டது. தம்பியின் ஆறும் இவளுடைய ஆறுமாகப் பன்னிரண்டும் ஒரே வாயில் இருந்தன.

அணைத் தண்ணீர்மேல் காற்று அடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. முன் சீட்டைப் பார்த்தாள். அதே சாய்வு, மூடிய கண்.

"அண்ணி" என்றான் தமிழழகன், திரும்பாமலேயே. "கண்ணாடிய ஏத்திடவா? தேவாவுக்குக் காத்து அடிக்கப் போவுது."

இயர்போன் இரண்டு காதிலும் அப்படியேதான் இருந்தது.